தண்ணீர் குடிக்க ஒரு மருந்துச் சீட்டு

போன செவ்வாய்க்கிழமை ஒரு ரிசல்ட் என்னைக் கடுப்பேற்றியது. போடியில் நான் வேலை பார்க்கும் லேபில் பேச்சியம்மாக்காவுக்கு எடுத்த யூரிக் ஆசிட் டெஸ்ட். மூன்று மாதமாக மாத்திரை சாப்பிடுகிறார். அளவு இறங்குவேனா என்கிறது.

பேச்சியம்மாக்கா பக்கத்துச் சிலமலை ஊர்க்காரர், ஐம்பத்து நான்கு வயது. விடியும் முன் ஜீப்பில் ஏறி, மலையில் ஏலக்காய் எடுக்கப் போகிறவர். கவுட் என்ற மூட்டு நோய் வந்ததிலிருந்து வலது கால் பெருவிரல் திடீரென்று சிவந்து வீங்கிவிடும். போர்வை பட்டாலே உயிர் போகும். அந்தக் காலோடு சரிவில் எப்படி நிற்பது? இன்னொரு தடவை நாலு நாள் படுத்தால் ஜீப்பில் அவர் இடம் வேறு ஒருத்திக்கு... கங்காணி சொல்லிவிட்டார்.

எனக்குப் பட்டியல் போட்டுத்தான் யோசிக்க வரும். எது கெடுக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"ஈரல், குடல்?"

"தீவாளிக்குத் தின்னது."

"கால்ல எண்ணெய் போட்டு நீவுனீங்களா?"

"நீதான் கூடாதுன்னுட்டியே."

"வலி விட்டதும் மாத்திரைய நிறுத்திட்டீங்களோ?"

"ஒரு நா விடல தாயி."

"தண்ணி?"

அக்கா சேலை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"காலையில ஜீப்பு ஏறுமுன்ன ஒரு டீ. பொறவு சாயங்காலம் எறங்குனாத்தான்."

"ஏன்க்கா?"

"குடிச்சா ஒதுங்கணும்ல? எங்கிட்டுப் போயி ஒதுங்க? மேல பாத்தா கங்காணி. கீழ பாத்தா மருந்தடிக்கிற ஆம்பளைங்க. செடிக்குள்ள உக்காந்தா அட்டை. எங்க ஜீப்புல ஒருத்தியும் குடிக்கிறதில்ல. பழகிப்போச்சு."

யூரிக் அமிலத்தை வெளியே தள்ளுவது பெரும்பாலும் சிறுநீரகம். அதற்குத் தண்ணீர் வேண்டும். போதாவிட்டால் அமிலம் ரத்தத்தில் கூடிக்கொண்டே போய், மூட்டுக்குள் ஊசி ஊசியாகப் படியும். மாத்திரை ஒரு பக்கம் இறக்க, வறண்ட உடம்பு மறுபக்கம் ஏற்றிக்கொண்டிருந்தால்?

எனக்குக் கோபம் முதலில் என் மேல்தான். மூன்று மாதமாக ஆட்டுக்கறியை விசாரித்தவள், தண்ணீரை விசாரிக்கவில்லை. அடுத்து, 'நிறையத் தண்ணி குடிங்க' என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடும் டாக்டர் மேல். கவுட் பணக்கார வியாதி என்று சிரிப்பவர்கள் மேல். அப்புறம் அந்த ஏலக்காய் எஸ்டேட் மேல். அங்கே ஒவ்வொரு ஏலச்செடிக்கும் குழாய் போட்டு, அளந்து தண்ணீர் விடுகிறார்கள். நாற்றுக்கு வெயில் படக் கூடாதென்று பச்சை வலை கட்டுகிறார்கள். பெண்களுக்கு ஒரு மறைப்பு — யாருக்குமே தோன்றவில்லையா?

"மேனேஜருக்கு நான் போன் போடுறேன்க்கா."

"போட்டுத் தொலைச்சிராத. நாளைக்கே ஜீப்புல எடமில்லம்பான். ஒன் சோலியப் பாரு தாயி."

சரி... என் சோலி லேப்தானே? ரிசல்ட்டை எடுத்துக்கொண்டு அவருடைய டாக்டரிடம் போனேன். சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, தண்ணீர் குடிக்கத் தடையில்லை என்றார். "அப்ப இதையும் எழுதுங்க சார்" என்றேன். வேலை நேரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் தண்ணீர். சிறுநீர் கழிக்க மறைவான இடம்.

"இதையெல்லாமா சீட்டுல எழுதுவாங்க?" என்றவர், பேனாவைத் திறந்து எழுதினார். கையெழுத்து, சீல் எல்லாம் வைத்து.

மறுநாள் மலையில் நடந்ததைப் பேச்சியம்மாக்கா போனில் சொன்னார். சீட்டைப் படித்த கங்காணி, "என்னக்கா, இப்ப கக்கூசையும் மருந்தா எழுதிக் குடுக்குறாகளா?" என்று கேட்டிருக்கிறார். "ஆமாப்பா. சாப்பாட்டுக்கு முன்னயும் போகணும், பின்னயும் போகணும்" என்றாராம் இவர். சீலுக்குப் பயந்தோ என்னவோ, நாலு மரத்தைச் சுற்றி ஒரு பழைய பச்சை வலையைக் கட்டிக் கொடுத்துவிட்டார் கங்காணி. அரை மணி நேர வேலை. ஆனால் ஒரு நிபந்தனை — சீட்டு இருப்பவர் மட்டும்தான் உள்ளே போகலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் லேபைத் திறக்க வந்தால், வாசலில் ஏழு பெண்கள். எல்லாரும் அதே ஜீப்.

"யாருக்கு டெஸ்ட்?"

"டெஸ்ட்டெல்லாம் வேணாம் தாயி. எங்களுக்கும் அந்த நோவு இருக்குன்னு டாக்டர்ட்ட ஒரு சீட்டு எழுதி வாங்கிக் குடு."

ஒதுங்கிவிட்டு வர ஒரு பெண்ணிடம் நோய்ச் சான்றிதழ் கேட்கும் மலையில்தான், நம் பாயசத்துக்கு ஏலக்காய் விளைகிறது.