முதலாளியின் கம்ப்யூட்டரில் முதலிடம்

கம்ப்யூட்டர் திரையின் மேல்வரியில் எங்கள் முதலாளி விரல் வைத்துக் காட்டிய அந்தக் காலை நேரம் இன்னும் கண்ணில் நிற்கிறது. "பாரு அம்மிணி, முதல்ல நம்ம பேருதான்" என்றார். திருப்பூரில் எங்களுடையது சின்ன பனியன் கம்பெனி. பத்தாவது வரை படித்த நான் ஆபீஸில் போன் எடுப்பேன், மெயில் பார்ப்பேன். அதற்குமேல் யாரிடமும் பேச எனக்கு வராது.

துணி வாங்கும் ஒரே ஒரு வெளிநாட்டு பையரை நம்பி ஓடிய கம்பெனி அது. அவர் வேறு நாட்டில் வாங்கப் போய்விட்டதும் பாதி மெஷின்கள் நின்றன. இன்டர்நெட்டில் தேடுகிறவர்களுக்கு நம் பெயர் முதலில் தெரிந்தால் புது பையர் வருவார் என்று யாரோ சொல்ல, முதலாளி வெப்சைட் போட்டார். தேடிப் பார்த்தால் அது எங்கோ பின்பக்கங்களில் கிடந்தது. கூட்டம் இருக்கிற கடைக்குத்தான் மேலும் கூட்டம் வரும் என்பது அவர் கணக்கு. சனிக்கிழமை சம்பளம் வாங்கிய டெய்லர்களைத் தன் அறையில் வரிசையாக நிற்கவைத்து, ஒவ்வொருவராகத் தன் கம்ப்யூட்டரில் திருப்பூர் பனியன் என்று தேடி, நம் பெயர் வந்ததும் அமுக்கச் சொன்னார். "திருச்செந்தூர் கூட்டத்துல புள்ளையத் தேடுத மாதிரில்லா இருக்கு" என்று தெற்கத்தி டெய்லர் ஒருவர் சொல்ல, முதலாளியே சிரித்துவிட்டார்.

பெயர் மெல்ல மெல்ல மேலே ஏறியது. முதலிடத்துக்கு வந்த அன்று எல்லோருக்கும் லட்டு. உள்ளூர் வியாபாரி ஒருவர் கொண்டுவந்த ஆர்டரைக்கூட, "மன்னிச்சுக்குங்க, இனி மெஷினெல்லாம் எக்ஸ்போர்ட்டுக்கு வேணுமுங்க" என்று திருப்பி அனுப்பினார்.

அந்தப் பக்கத்தைக் கலரில் பிரின்ட் எடுத்து, சாம்பிள் ரூமில் மாட்ட வேண்டும் என்று என்னை பிரவுசிங் சென்டருக்கு அனுப்பினார். அங்கே தேடினால் எங்கள் பெயரைக் காணோம். பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்தேன். கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "ஒரே கம்ப்யூட்டர்ல திரும்பத் திரும்ப அமுக்கியிருப்பீங்க. அது உங்களுக்குப் புடிச்சத உங்களுக்கு மட்டும் முதல்ல காட்டுதுங்க. ஊருக்கெல்லாம் அப்படி வராதுங்க."

திரும்பும் வழியெல்லாம் எப்படிச் சொல்வதென்று வார்த்தை தேடினேன். சொன்னதும், "அவன் மெஷின் பழசா இருக்கும் அம்மிணி" என்றார் முதலாளி. பிறகு தானே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

அந்தக் கட்டடம் இப்போது கழிவுப் பஞ்சு குடோன். டெய்லர்கள் சிதறிப் போனார்கள். நான் வேறு கம்பெனியில் இருக்கிறேன். இங்கே வெப்சைட்டைப் பார்க்கவே தனியாக ஆட்கள் உண்டு. அவர்கள் பேசுவதைக் கேட்கும்போது, எங்கள் கம்பெனியின் கடைசி மாதங்கள் நினைவுக்கு வரும். மெஷின் சத்தம் இல்லாத அந்தக் காலைகளிலும் முதலாளி வந்து கம்ப்யூட்டரைப் போடுவார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "நம்ம பேரு முதல்ல வருதா அம்மிணி?" என்று கேட்பார்.

"வருதுங்க" என்பேன். அதில் பொய் இல்லை. அந்தக் கம்ப்யூட்டரில் வரத்தான் செய்தது.