ஆர், ஈ என்று தொடங்கும் பக்கம்

இந்த நாட்டில் எதிரே வருகிறவர்கள் எல்லோரும் "ஆல் ரைட்?" என்று கேட்கிறார்கள். பதிலுக்கு நிற்பதில்லை. நான் வாயெடுப்பதற்குள் அவர்கள் முதுகுதான் தெரியும். எங்கள் துடியலூரில் ஒருவரை "சாப்டீங்களா?" என்று கேட்டுவிட்டால் வண்டியை ஆஃப் செய்துவிட்டுப் பதிலைக் கேட்டாக வேண்டும். வந்து இரண்டு வருடத்தில் என் பதிலுக்காகக் காத்திருந்தவர் ஒருவர்தான், என் மனைவி சுமதியைப் பார்க்கும் டாக்டரம்மா. அவரிடம்தான் தப்பான பதிலைச் சொல்லித் தொலைத்தேன்.

சுமதி நர்ஸ் வேலைக்கு வந்தாள். லேத் பட்டறையை விட்டுவிட்டு நானும் கூட வந்தேன். என் இங்கிலீஷ் அவள் பொறுப்பு. ஒரே எழுத்துகளில் தொடங்கும் சொற்களை நோட்டில் பக்கம் பக்கமாக எழுதித் தருவாள்.

"ஆர், ஈன்னு ஆரம்பிச்சா முக்காவாசி 'திரும்ப'ன்னு அர்த்தமுங்க. ரிட்டர்ன், திரும்பி வர்றது. ரிக்கவர், திரும்பத் தேறுறது."

"அப்ப ரெஸ்ட்டுன்னா?"

"அது அதுல சேராதுங்க. உங்களுக்குன்னு பார்த்து அதுதான் ஞாபகம் வருது" என்று சிரித்தாள்.

இப்போது மூளையில் ரத்தம் கசிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். ஒன்பது நாளாக அவள் கண் திறக்கவில்லை. இன்று காலை டாக்டரம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசினார். பாதி புரியவில்லை. எங்கள் பக்கத்தில் படித்தவர்கள் பேசும்போது சும்மா இருந்தால் மரியாதை இல்லை. வாக்கியத்துக்கு ஒரு "சரிங்க" போட வேண்டும். அந்தப் பழக்கத்தில் "யெஸ், யெஸ்" என்று தலையாட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் ஏதோ கேட்டுவிட்டுக் காத்திருந்தார். அதற்கும் யெஸ். என் கையை அழுத்திவிட்டுப் போனார்.

மதியம் அவள் கோப்பில் புதிதாக ஒரு தாள் இருந்தது. அதில் ஆர், ஈ என்று தொடங்கும் நீளமான ஒரு சொல், நோட்டில் இல்லாதது. மலையாளி நர்ஸிடம் காட்டினேன்.

"நின்ன இதயத்தைத் திரும்ப ஓட வைக்கிறது, சேட்டா. ஆனா முன்னாடி 'வேண்டாம்'னு போட்டிருக்கு. நீங்க சம்மதிச்சீங்கன்னும் எழுதியிருக்கு."

பெண்டாட்டியைச் சாகவிட மரியாதையாகத் தலையாட்டியிருக்கிறேன்! என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும். ஓடிப்போய் டாக்டரம்மாவை வழிமறித்து "நோ! ஐ சே நோ!" என்று கத்தினேன். ஒருவர் முகத்துக்கு நேரே நான் மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் கோபப்படவில்லை. தாளை எடுத்துவிடுவதாகவும், தமிழ் தெரிந்த ஒருவரை வைத்து நாளை மறுபடி பேசலாம் என்றும் சொன்னார். அவள் தேறுவது சந்தேகம்தான் என்றும் சொன்னார். இந்த முறை எல்லாம் புரிந்தது.

திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தபோது கோபிச்செட்டிபாளையத்திலிருந்து மாமனார் கூப்பிட்டார்.

"ஏனுங்க மாப்ளே, அம்மணிக்கு எப்படிங்க இருக்குது?"

"பரவாயில்லைங்க மாமா."

"தேறுனதும் ஒரு எட்டு ஊட்டுக்குக் கூட்டிட்டு வந்துபோடுங்க. அவ அம்மா சோறே திங்க மாட்டேங்குறா."

மூச்சு மெஷின் இழுத்த இழுப்புக்கு சுமதியின் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இந்த நாட்டுக்குச் சொல்ல எப்படியோ ஒரு 'நோ' பழகிவிட்டேன். ஊருக்குச் சொல்ல என்னிடம் இன்னும் ஒரே வார்த்தைதான் இருக்கிறது.

"சரிங்க மாமா" என்றேன்.