வேன் மாமாவின் தொப்பையில் இருக்கும் கவிதைகள்

என் மாமாவின் கவிதைகளைப் படிக்க வேண்டும் என்று யாராவது ஆசைப்பட்டால், நான் வேன் மாமாவின் தொப்பையைத்தான் காட்ட வேண்டியிருக்கும். முப்பது வருடக் கவிதை மொத்தமும் அங்கேதான் இருக்கிறது. தாளில் ஒரு வரிகூடக் கிடையாது. "இதுதான் உங்க மாமாவோட முழுத் தொகுப்பு. கெட்டி அட்டை போட்டது" என்று வேன் மாமாவே வயிற்றைத் தட்டிக் காட்டுவார்.

மாமா என்றால் என் அம்மாவின் தம்பி. கேக் கடையில் எழுத்து வேலை, அதாவது கேக்கின் மேல் பெயரும் வாழ்த்தும் எழுதுகிற வேலை. அப்படி ஒரு வேலை இருக்கிறது என்பதைப் பள்ளிக்கூடத்தில் என் தோழிகள் நம்பவில்லை. ஒருநாள் கையோடு கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். கடையின் பின்பக்கம் கண்ணாடித் தடுப்பு போட்ட சின்ன அறை. எவர்சில்வர் மேசை, அதன்மேல் சுற்றுகிற தட்டு, தட்டில் கேக். மாமா வெண்ணெய்த்தாளைக் கூம்பாகச் சுருட்டி, உருக்கிய சாக்லேட்டை ஊற்றி, நுனியைக் கத்தரியால் துளியூண்டு வெட்டினார். பிறகு மூச்சை அடக்கிக்கொண்டு எழுத ஆரம்பித்தார். கையை நகர்த்துவதைவிடத் தட்டைத்தான் அதிகம் நகர்த்துவார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்களும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம்.

மற்ற கடைகளில் 'பிறந்தநாள் வாழ்த்துகள்' என்று எழுதிப் பெட்டியில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். மாமாவுக்கு அது ஆகாது. யாருக்கு, என்ன வயது, என்ன கோபம், என்ன ஆசை என்று கல்யாணத் தரகர் மாதிரி குடைந்து குடைந்து கேட்பார். பிறகு கேக்கில் இடமிருக்கிற அளவுக்கு இரண்டோ நாலோ சின்ன வரிகள். சண்டை போட்டுவிட்டுப் பேசாமல் இருந்த மனைவிக்காகக் கேக் வாங்க வந்த ஒரு பல் டாக்டருக்கு,

ஊரையே வாய் திறக்கச் சொல்கிறேன்,
உன் வாய் திறக்கக் காத்துக் கிடக்கிறேன்

என்று எழுதிக் கொடுத்தார். அந்த அம்மா மறுநாள் கடைக்கே வந்து, எழுதின ஆளைக் கண்ணாடி வழியாகப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். "நாம கேக் விக்கிறோமா, கவியரங்கம் நடத்துறோமா?" என்று முதலாளி முணுமுணுப்பார். சனிக்கிழமை வரிசை வாசலைத் தாண்டியதும் வாயை மூடிக்கொள்வார்.

ஊரில் இத்தனை பேருடைய காதலையும் எழுதின மனுஷன், தன் காதலை எங்கே எழுதினார் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. பிற்பாடு வேன் மாமா சொல்லித்தான் தெரிந்தது. அடுப்பிலிருந்து வரும்போது கேக்கின் தலை மேடாக உப்பியிருக்கும். அதைச் சீவி மட்டமாக்குவார்கள். அந்தச் சீவல்களைக் கடை ஆட்கள் எடுத்துக்கொள்ளலாம். மாமா சீவல்களை அடுக்கி, நடுவே க்ரீம் தடவி, உள்ளங்கை அகலத்தில் ஒரு கேக் செய்வார். அதன்மேல் ஒரு கவிதை எழுதி, கடை வேனை ஓட்டுகிறவரிடம், அதாவது வேன் மாமாவிடம், கொடுப்பார். அவர் வேனுக்குள் உட்கார்ந்து இரண்டு தடவை படித்துவிட்டுச் சாப்பிடுவார். கடையில் யாரும் இதைக் கண்டுகொள்ளவில்லை. சீவல் தின்கிற டிரைவரை யார் பார்க்கப் போகிறார்கள்?

அம்மாவுக்கு மாமா தம்பி மட்டுமல்ல, மூத்த பிள்ளை மாதிரி. தாய் போனபின் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். தபால் ஆபீஸ் கவுன்டரில் வேலை பார்த்தவள் என்பதால் பேச்செல்லாம் முத்திரை குத்துகிற மாதிரி இருக்கும். குத்தினால் குத்தினதுதான்.

நான் பள்ளி இறுதி வகுப்பில் இருந்த வருடம் மாமா வாடத் தொடங்கினார். விடுமுறை நாளில் எங்கள் வீட்டுக்கு வந்தால் என்னை "வாயாடி" என்று கூப்பிட்டு வம்புக்கு இழுக்கிறவர், வந்ததும் படுத்துக்கொண்டார். சவரம் செய்யவில்லை. சட்டை தொளதொளவென்று தொங்கியது. கேட்டால் "ஒன்னுமில்லக்கா, அசதி" என்பார். எல்லா வியாதிக்கும் அம்மாவிடம் ஒரே மருந்துதான் இருந்தது.

"கல்யாணம் பண்ணினா எல்லாம் சரியாப் போயிடும். நல்ல பொண்ணு, நல்ல குடும்பம். என் பிறந்தநாளுக்குள்ள பதில் சொல்லு. இல்லேன்னா நானே சரின்னு சொல்லிடுவேன்."

மாமா தலையாட்டினார். எதற்கு ஆட்டினார் என்று அம்மா கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை, புதுப் புடவை எடுக்கிற நினைப்பில் இருந்தேன்.

அம்மாவின் பிறந்தநாளும் வந்தது. சாயங்காலம் கேக் வருவதாக ஏற்பாடு. ஆனால் மத்தியானமே வேன் வந்து நின்றது. அப்பா வேலைக்குப் போயிருந்தார், வீட்டில் அம்மாவும் நானும்தான். டிரைவர் கையில் சின்னப் பெட்டி. அவர் முகத்தில் ஈயாடவில்லை. அம்மா பெட்டியைத் திறந்தாள். சீவல் அடுக்கின சின்னக் கேக். அதன்மேல் மாமாவின் கையெழுத்து.

எழுதி எழுதித் தீர்ந்துபோனேன்.
கடைசிச் சொல்லும் உனக்கே, கண்ணே.
நாளை பசித்தால்
வேறு கடை பார்த்துக்கொள்.

"தம்பி, பெட்டி மாறி வந்திருக்கு போல" என்றாள் அம்மா.

"மாறலக்கா. நான்தான் மாத்திக் கொண்டுவந்தேன்."

"இது யாருக்கு எழுதினது?"

அவர் தொப்பியைக் கையில் கசக்கினார். "எனக்குக்கா."

அம்மா மறுபடியும் படித்தாள். 'கண்ணே' என்ற இடத்தில் அவள் பார்வை நின்றதை நான் பார்த்தேன். பிறகு அது கடைசி வரிக்கு இறங்கியது.

"படிச்சதும் எனக்குக் கை கால் ஓடலக்கா. போய்க் கேட்டேன். சும்மா கவிதைதானேன்னு சிரிக்கிறான். பொய் சொல்றான், எனக்குத் தெரியும். யார்கிட்ட போறதுன்னு புரியல. உங்களை விட்டா அவனுக்கு யாரு இருக்கா? என்னைச் செருப்பால அடிக்கணும்னா அப்புறம் அடிங்க. இப்ப வாங்க."

அம்மா கத்துவாள், கதவைச் சாத்துவாள் என்றுதான் நினைத்தேன். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இப்ப எங்க இருக்கான்?"

"கடையிலதான். உங்க கேக்குக்கு எழுதிக்கிட்டிருக்கான். அது முடிஞ்சதும் கிளம்பறேன்னு முதலாளிகிட்ட சொல்லி வெச்சிருக்கான்."

வீட்டுச் செருப்போடு, கதவைக்கூடப் பூட்டாமல், அம்மா வேனில் ஏறினாள். முன் சீட்டில் மூன்று பேரும் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஒரு சிக்னலில் நின்றபோது அம்மா ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "எத்தனை வருஷமா?"

"ஆறு வருஷம் இருக்கும்க்கா."

"ஒழுங்கா சாப்பிடறானா?"

"மத்தியானம் என் டப்பாவுலதான் சாப்பிடுவான். இந்த ஒரு மாசமா அதுவும் இல்ல."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெயில் என்று சொல்லிக்கொண்டாள்.

கடையில் வரிசையை விலக்கிக்கொண்டு நேராக உள்ளே போய்க் கண்ணாடிக் கதவைத் தள்ளினாள். மாமா குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். பெரிய வெள்ளைக் கேக். அதில் ஒரே ஒரு வரி விழுந்திருந்தது: 'அக்கா, உன் விரல் பிடித்து நடந்த'.

"டேய்" என்றாள் அம்மா. "வேற கடை பார்த்துக்கச் சொன்னியாமே. நான் எந்தக் கடைக்குடா போவேன்?"

மாமா நிமிர்ந்தார். அம்மாவைப் பார்த்தார், அவள் பின்னால் நின்ற வேன் மாமாவைப் பார்த்தார். கையிலிருந்த கூம்பு நசுங்கிச் சாக்லேட் தரையில் கொட்டியது. அப்படியே தட்டு அலமாரியில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி ஓவென்று அழுதார். அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தலையைத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். சத்தம் போட வந்த முதலாளி எட்டிப் பார்த்தார். திரும்பிப் போய், வாசல் பலகையைத் திருப்பி 'மூடியிருக்கிறது' என்று வைத்தார். அவரைப் பற்றி அதற்கு முன்னால் நான் சொன்னதையெல்லாம் அன்றைக்கே வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

அன்று மாலையே மனநல மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். கொஞ்ச நாள் அங்கேயே தங்க வேண்டும் என்றார்கள். அம்மா டாக்டரம்மாவிடம் தயங்கித் தயங்கி, "அவனோட அந்த... அதையும் மாத்திட முடியுமா?" என்று கேட்டாள். கேட்டவள் என் அம்மா. உள்ளதைத்தான் சொல்லவேண்டும்.

"நோய் வேற, நேசம் வேறம்மா" என்றார் டாக்டரம்மா. "நோய்க்கு மாத்திரை தரேன், பேச்சு வைத்தியம் தரேன். அவருக்கு ஆண்கள் மேல நேசம் வருது. அதுக்கு மருந்தும் இல்ல, தேவையும் இல்ல. அதை மறைச்சு மறைச்சுத்தான் உள்ள புண்ணாயிருக்கு."

மாத்திரையோடு சேர்த்து, மனதில் இருப்பதை எழுதிப் பாருங்கள் என்றும் மாமாவிடம் சொன்னார். தாளில் எழுத மாமாவுக்குப் பயம். தாளில் எழுதினால் அழியாமல் கிடக்குமே. வேன் மாமாதான் வழி கண்டுபிடித்தார். ஒரு பாக்கெட் ரொட்டியும் ஒரு பாட்டில் ஜாமும் வாங்கி வந்து கட்டிலில் வைத்தார். மாமா கரண்டி நுனியால், மாத்திரை தந்த நடுக்கத்தோடு, ஒரு துண்டில் 'கனம்' என்று எழுதினார். வேன் மாமா அதைச் சாப்பிட்டார். மறுநாள் 'பயம்'. அதற்கு மறுநாள் 'தூக்கம் வந்தது'. எல்லாம் போய்ச் சேர்ந்த இடம் உங்களுக்குத் தெரியும்.

ஒருநாள் நாங்கள் போனபோது தட்டில் ரொட்டித் துண்டுகள் வரிசையாக இருந்தன. துண்டுக்கு ஒரு சொல். 'அக்கா', 'நான்', 'ஆணை', 'நேசிக்கும்', 'ஆண்'. மாமா தட்டை அம்மா பக்கம் நகர்த்திவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். அம்மா ஒவ்வொரு துண்டாக விரல் வைத்துப் படித்தாள். பிறகு 'அக்கா' துண்டை எடுத்துக் கடித்தாள்.

"ஜாம் கம்மியா இருக்கு" என்றாள்.

மாமா சிரித்தார். அவர் சிரித்து எவ்வளவோ நாளாகியிருந்தது. அன்றைக்கு நானும் 'ஆணை' என்ற துண்டை எடுத்து விழுங்கினேன். அதைவிட ருசியாக இன்றுவரை நான் எதையும் சாப்பிட்டதில்லை.

உடனே எல்லாம் சுபம் என்று நினைத்துவிடாதீர்கள். அம்மா ஒரு வருடம் அவரை "அந்த வேன்காரத் தம்பி" என்றுதான் சொன்னாள். பிறகு ஒருநாள் பெரியப்பா, "யாரும்மா அது, அடிக்கடி வர்றாரு?" என்று மூக்கை நுழைத்தபோது, "என் தம்பிக்குத் துணை. ஏன், உங்களுக்கு என்ன?" என்று முத்திரை குத்தினாள். பெரியப்பா காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். அன்றிலிருந்து எனக்கு அந்த வேன்காரத் தம்பி, வேன் மாமா.

அடுத்த பிறந்தநாள் வந்தபோது மாமா வேலைக்குத் திரும்பியிருந்தார். "போன வருஷத்து வரி பாதியில நிக்குதேக்கா. முடிச்சுத் தரட்டுமா?" என்று கேட்டார்.

"முடிக்கிற வேலையே வெச்சுக்காதே" என்றாள் அம்மா. "அடுத்து வர்றதை மட்டும் எழுது. மீதி இருக்கட்டும்."

அந்த வருடம் 'தெருவில் இன்றும் என்' என்று எழுதினார். அதற்கடுத்த வருடம் 'செருப்புச் சத்தம் கேட்கிறதென்றால்'. அப்படியே ஒரு வாக்கியம், வருடத்துக்கு ஒரு துண்டாக, வளர்ந்துகொண்டே போனது. நாங்கள் பாடிக்கொண்டே வெட்டிச் சாப்பிடுவோம். இடையில் மாமாவுக்கு இரண்டு தடவை மறுபடியும் முடியாமல் போனது. ஆஸ்பத்திரி, மாத்திரை, ரொட்டி, ஜாம். ஆனால் அம்மாவின் பிறந்தநாளுக்குள் எழுந்து வந்துவிடுவார். நடுவில் ஒருமுறை வேடிக்கையாக, "இந்த வருஷமாவது முற்றுப்புள்ளி வெக்கட்டுமாக்கா?" என்றார். "வெச்சே, கையை முறிச்சுடுவேன்" என்றாள் அம்மா. எல்லோரும் சிரித்தோம். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

போன மழைக்காலத்தில் அம்மா போய்விட்டாள். மாமா அழவில்லை. அதுதான் எங்களைப் பயமுறுத்தியது. பழையபடி படுத்துக்கொண்டார், சட்டை தொளதொளத்தது. வேன் மாமாவும் நானும் அவரை டாக்டரிடம் கூட்டிப் போனோம், மாறி மாறிக் கூட இருந்தோம். முடிக்காதே என்று அதட்ட இனி ஆள் இல்லை. அந்த வாக்கியத்தை அவர் என்ன செய்வார் என்று நாங்கள் இருவரும் வாய்விட்டுப் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அம்மாவின் பிறந்தநாள் நெருங்க நெருங்க எங்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அன்று காலை மாமா எழுந்து சவரம் செய்துகொண்டார். சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கேக் வேகிற வாசம் வந்தது. வேன் மாமா கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே பாத்திரம் உருள்கிற ஒவ்வொரு சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கதவு திறந்தது. மாமா கேக்கைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். எழுத்து கோணல்மாணலாக இருந்தது. வேன் மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உதடு அசைய, வழக்கம்போல் இரண்டு தடவை படித்தார்.

நீ இல்லாத வாசலிலும் உன் அதட்டல் கேட்டு

அதற்குமேல் ஒன்றுமில்லை. புள்ளிகூட இல்லை.

"இன்னும் முடிக்கல" என்றார் வேன் மாமா என்னைப் பார்த்து. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, கத்தி எங்கே என்று கேட்டார்.