கடைசிச் சாமான்

சமையலறையில் எல்லாம் பொருத்திப் பூட்டி முடிந்துவிட்டது. அலுமாரிக் கதவுகள் சத்தமில்லாமல் மூடுகின்றன. சுவர் மாபிளின் இடைக்கோடுகள் நூல் பிடித்தாற்போல் நேராக ஓடுகின்றன. தண்ணீர்க் குழாய் மட்டும் பெட்டியோடு தேவராசாவின் கக்கத்துக்குள் இருக்கிறது. வீட்டுக்காரர் அந்தப் பெட்டியைப் பார்க்கிறார். தேவராசா பல் தெரியச் சிரிக்கிறார். "இதை நாளைக்கு வந்து பூட்டுறன் அண்ணை. நீங்கள் மிச்சத்தை எடுத்து வையுங்கோ." லண்டன் வால்தம்ஸ்டோவில் அவரிடம் வேலை கொடுத்தவர்களுக்கு அந்த 'நாளைக்கு' எப்போது வரும் என்று தெரியும். மிச்சக் காசு கைக்கு வரும் நாள்தான் அது.

சமையலறை என்றால் குழாய், குளியலறை என்றால் கதவு. கதவில்லாத குளியலறையோடு எந்தக் குடும்பமும் ஒரு கிழமைக்கு மேல் தாக்குப்பிடிக்காது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அந்த வீட்டில் விருந்தாளி யாராவது தங்கியிருந்தால் அன்று பின்னேரமே தொலைபேசி அடிக்கும். மற்றபடி மனிதரில் ஒரு குறை சொல்ல முடியாது. வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். போகும்போது வீட்டுக்காரியின் தரையைத் தானே கூட்டித் துடைத்துவிட்டுப் போவார். டிரில் வழுக்கினால் சுவிஸ் ஜெர்மனில் திட்டுவார். சுற்றி நிற்கும் பிள்ளைகளுக்கு விளங்காது என்பதால் அதைத் தாராளமாகவே திட்டுவார்.

இளமையின் நல்ல பாதி சூரிச்சில் போயிற்று. பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும் என்று குடும்பத்தோடு லண்டனுக்கு வந்தவர். கூடவே ஒரு நம்பிக்கையையும் கொண்டுவந்தார். சூரிச்சில் அவருடைய முதலாளிக்கு ஒருமுறை வீட்டுக்காரன் ஒருவன் காசு கொடுக்காமல் இழுத்தடித்தான். முதலாளி சத்தம் போடவில்லை. கோர்ட்டுக்குப் போய் அந்தக் கடனை வீட்டின் பேரிலேயே பதிய வைத்துவிட்டார். "சுவிசிலை வேலை செய்தவன்ரை காசை வீட்டுக்கு மேலையே எழுதிப்போடுவாங்கள். பிறகு அவன் வீட்டை விக்கேலாது, பாங்கிலை லோன் எடுக்கேலாது. தானாத் தேடி வருவான்." இதைச் சொல்லும்போது தேவராசாவின் முகம் சொந்த ஊர்த் திருவிழாவைப் பற்றிச் சொல்வதுபோல் மலர்ந்துவிடும்.

லண்டனிலும் அப்படித்தான் என்று எண்ணிக்கொண்டு அப்டன் பார்க்கில் யோகராஜா என்பவரின் கடை முழுவதையும் திருத்திக் கொடுத்தார். முற்பணம் இல்லை, ஒரு துண்டுக் கடிதம்கூட இல்லை. காசு கேட்டுப் போன நாளெல்லாம் யோகராஜா ஒரு காரணமும் தின்ன ஒரு ரோல்ஸும் கொடுத்து அனுப்பினார். கடைசியில் தேவராசா ஒரு தமிழ் சொலிசிட்டரிடம் போனார். கடையின் மேல் எழுதிப்போடச் சொன்னார். சொலிசிட்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அப்பிடி ஒண்டு இங்கை இல்லை அண்ணை. கராஜ்காரன் காசு வரும்வரை காரை மறிச்சு வைக்கலாம். நீங்கள் கடையைத் தூக்கிக்கொண்டு போகேலுமோ? சுவரிலை ஏறின மாபிள் சுவர்க்காரனுக்கு. போய் உடைச்சீங்களோ, பொலிஸ் உங்களைத்தான் பிடிக்கும்."

"அப்ப சுவரிலை ஏறாத சாமான்?"

"அது உங்கடை."

சொலிசிட்டர் இன்னும் நிறையச் சொன்னார். வேலை தொடங்க முதல் ஒப்பந்தம் எழுதுங்கோ, கையெழுத்து வாங்குங்கோ, வேலை நகர நகரப் பகுதி பகுதியாகக் காசை வாங்குங்கோ என்றார். அந்த நல்ல புத்தியெல்லாம் தேவராசாவின் காதில் ஏறவில்லை. தமிழ்ச் சனத்திடம் கையெழுத்துக் கேட்க அவருக்கு நாக்கு வராது. "எங்களை நம்பேல்லையோ எண்டு கேட்டால் நான் எங்கை போய் முழிக்கிறது?" குழாயைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போக மட்டும் அவருக்கு வெட்கமில்லை. மனிதனின் கூச்சம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று யாரால் சொல்ல முடியும்!

யோகராஜாவின் கடை ஒருநாள் வேறொருவர் பேருக்கு மாறியது; வர வேண்டிய காசும் அதோடு போய்விட்டது. மாபிள் கடைக்கும் கூட வேலை செய்தவர்களுக்கும் கொடுப்பதற்குத் தேவராசா தன் வீட்டின் மேல்தான் கடன் எடுத்தார். அன்றிலிருந்து இரண்டு சட்டம் வைத்துக்கொண்டார். கடைசிச் சாமான் ஒன்று கையில் இருக்க வேண்டும். காசு ஏன் பிந்துகிறது என்று கேட்கவே கூடாது. "காரணத்தைக் கேட்டனெண்டால் நான் இளகிப்போவன்" என்பார். தன்னை நன்றாக அறிந்த மனிதர்தான்.

இந்த வருடம் கோடை தொடங்கும்போது லண்டன் எட்மண்டனில் தவநாயகி வீட்டில் ஒரு வேலை வந்தது. அவளுடைய கணவர் தில்லையம்பலத்துக்குப் பாரிசவாதம். இடது பக்கம் விழுந்துவிட்டது, மாடிப்படி ஏற ஏலாது. உள்ளூர்க் கவுன்சில் செய்து தரும் என்று பார்த்திருந்தால் மாதக்கணக்காகும். கீழே சாமான் போட்டுவைத்த சின்ன அறையை ஷவரும் கொமட்டுமாக மாற்றிக் கொடுக்கச் சொன்னாள். தில்லையம்பலம் வாசலில் கதிரையைப் போட்டு நாள் முழுக்க வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, நான் குளிக்கத்தான் கேட்டனான், நீர் அரண்மனை கட்டுறீர்" என்று கோணிய வாயால் பகிடி விட்டார். தேவராசாவுக்கு அவரை நன்றாகப் பிடித்துவிட்டது. தண்ணீர் தேங்கும் என்று சந்தேகப்பட்டு, போட்ட தரையைக் கிளப்பி மறுபடி போட்டார். அதற்குக் காசும் கேட்கவில்லை.

வேலை முடிகிற நாள் வந்தது. வழக்கப்படி கதவைத்தான் கொண்டுபோக வேண்டும். நோயாளி மனிதரைக் கதவில்லாத அறையில் உட்கார வைப்பதா என்று அவருக்கு மனம் வரவில்லை. கதவை மாட்டிப் பூட்டினார். கொமட்டுக்குப் பக்கத்துச் சுவரில் வர வேண்டிய கைப்பிடிக் கம்பியை எடுத்துத் தன் வேனில் போட்டார். இரக்கப்பட்டுத்தான் அப்படிச் செய்தார். கதவு மானத்துக்கு, கம்பி வெறும் கம்பி என்றுதான் அன்று அவருக்குப் பட்டது.

தவநாயகி அவருக்குத் தொலைபேசி எடுத்தாள். "அண்ணை, காசு கொஞ்சம் பிந்துது. அந்தக் கம்பியை மட்டும் ஒருக்கால் வந்து பூட்டிவிடுவியளோ?"

"காசு வந்த உடனை வாறன் தங்கச்சி."

"அது ஒரு பிரச்சினை அண்ணை, என்னெண்டால்—"

"எனக்குக் காரணம் வேண்டாம் தங்கச்சி." மரியாதையாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டார்.

அடுத்த கிழமையும் அவள் எடுத்துக் கேட்டாள். அதே பதில். மூன்றாவது கிழமை அவளிடமிருந்து தொலைபேசி வரவில்லை. தில்லையம்பலம் கொமட்டிலிருந்து எழும்பப் பார்த்து, பிடிக்க ஒன்றும் இல்லாமல் பக்கவாட்டில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

தேவராசாவுக்கு இந்தச் செய்தியைக் கொண்டுவந்தவள் அவருடைய மனைவி நிர்மலா. கோயிலில் கேள்விப்பட்டாளாம். காசு பிந்திய காரணத்தையும் கையோடு கொண்டுவந்திருந்தாள். சண்டை முடிந்து வவுனியாவில் அகதி முகாமுக்குள் அடைபட்டிருந்த தங்கையை லஞ்சம் கொடுத்து வெளியே எடுக்கத் தவநாயகி, பாத்ரூமுக்கென்று வைத்திருந்த காசை அனுப்பிவிட்டாள். தேவராசா கதிரையில் உட்கார்ந்துவிட்டார். அதே மாதத்தில் அவரும் நிர்மலாவின் தம்பியை எடுக்க அங்கேதான் காசு அனுப்பியிருந்தார். அதற்காக மாபிள் கடைக்காரனிடம் தவணை சொல்லி, காரணம் கேளாதே என்று கெஞ்சியிருந்தார். தவநாயகி சொல்ல வாயெடுத்தபோது இரண்டு நிமிடம் காதைக் கொடுத்திருந்தால் அன்று பின்னேரமே ஓடிப்போய்ப் பூட்டியிருப்பார். கேட்டிருக்கலாம். கேட்காமல் விட்டதை நினைத்து அவர் இப்போது சரியாகச் சாப்பிடுவதில்லை என்று நிர்மலா சொல்கிறாள்.

தில்லையம்பலம் வீட்டுக்கு வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவராசா எட்மண்டனுக்குப் போனார். முன்னறையில் ஆஸ்பத்திரிக் கட்டில் போட்டிருந்தது. தவநாயகி மேசையில் ஒரு கடித உறையை வைத்து, "முழுக்க இருக்கு அண்ணை, எண்ணிப் பாருங்கோ" என்றாள். அவர் அதைத் தொடவில்லை. கம்பியையும் டிரில்லையும் எடுத்துக்கொண்டு அந்தச் சின்ன அறைக்குள் போனார். அவள் பின்னாலேயே வந்தாள்.

"இனி என்னத்துக்கு அண்ணை? அவர் இனி எழும்பி நடக்கமாட்டார் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். கட்டிலிலை வைச்சுத்தான் உடம்பைத் துடைக்கிறம்."

தேவராசா சுவரில் அளவு குறித்தார். துளையிட்டு, திருகாணிகளை ஒவ்வொன்றாக முறுக்கினார். டிரில் சத்தம் நின்றதும் முன்னறையிலிருந்து குரல் வந்தது. "ஆர், தேவராசாத் தம்பியே? அவருக்கு ஒரு ரீ போட்டுக் குடு."

தவநாயகி குசினிக்குப் போனாள். தேவராசா கதவைச் சாத்திக்கொண்டு கொமட்டின் மூடியில் உட்கார்ந்தார். இடது கையைச் செத்த கைபோல் மடியில் போட்டார். வலது கையால் கம்பியைப் பிடித்து, உடம்பின் பாரம் முழுவதையும் அதில் தொங்கவிட்டு எழும்பினார். கம்பி அசையவில்லை. மறுபடி உட்கார்ந்தார். மறுபடி எழும்பினார்.