இரண்டு கைகளும் தெரிய வேண்டும்

அந்தக் காலத்தில் முத்துப்பேட்டையில் வெப்கேம் வைத்திருந்த பிரௌசிங் சென்டர் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். பஜாரில் ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது. ஏழெட்டுக் கம்ப்யூட்டர்கள். அவற்றில் ஒன்றுக்கு மட்டும் பிளைவுட் தடுப்பு வைத்து, திரைச்சீலை தொங்கவிட்டு, கேமராவும் ஹெட்போனும் மாட்டியிருந்தார்கள். அதற்குக் கேபின் என்று பெயர். ஊரில் பல வீட்டு ஆண்கள் வளைகுடாவில் வேலையாக இருந்தார்கள். அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. அதனால் இங்கே வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் அந்த மாடிப்படியில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமைப் பிற்பகலைத்தான் என் வாய்மொழித் தேர்வுக்கு ஒதுக்கியிருந்தார்கள். ஒதுக்கியவர்களுக்கு முத்துப்பேட்டையும் தெரியாது, ஜும்மாவும் தெரியாது.

நான் அப்போது எம்.ஏ. இரண்டாம் ஆண்டு. எங்கள் கல்லூரியும் ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு தாளைத் தொடங்கியிருந்தன. அங்கே சில மாணவர்கள், இங்கே சில மாணவர்கள். மின்னஞ்சலிலும் சாட்டிலும் பேசிக்கொண்டு, இரண்டு நாட்டு டெல்டாக்களிலும் தண்ணீரை எப்படிப் பங்கிடுகிறார்கள் என்று சேர்ந்து ஆராய்ந்து கட்டுரை எழுத வேண்டும். வீட்டை விட்டுக் கிளம்பாமலே வெளிநாட்டில் படித்ததாகக் கணக்கு. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, வாய்க்கால் முடிகிற இடத்தில் நெல் விவசாயம் செய்துகொண்டிருந்த என் அப்பாவுக்கு இது பெரிய வேடிக்கையாக இருந்தது.

"கெளம்பாமலே போயிட்டு வர்ற படிப்பா? அப்ப ஊறுகா கட்டிக் குடுக்க வேணாம்ல" என்றார்.

எனக்கு வேடிக்கையாக இல்லை. கேமரா முன்னால் அந்த நாட்டுப் பேராசிரியர் நடத்தும் தேர்வில் தேறினால்தான் தாள் செல்லும். தவறினால் அரியர் எழுத வழியில்லை. அந்தத் தாள் இல்லாமல் அங்கே ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பிக்கவே முடியாது. எனக்கோ போயே தீர வேண்டும் என்ற வெறி. ஊறுகாய் கட்டிக்கொண்டு, நிஜமாகவே விமானம் ஏறி. கல்லூரி லேபில் மழைக்கு டெலிபோன் லைன் செத்துப்போயிருந்தது. அதனால்தான் பஸ் பிடித்து முத்துப்பேட்டைக்கு வந்தேன்.

ஐப்பசி மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. கரண்ட் இல்லை. கடைக்காரர், பல வருஷம் வளைகுடாவில் இருந்துவிட்டுத் திரும்பியவர், எல்லாக் கம்ப்யூட்டரையும் அணைத்துவிட்டுக் கேபினில் இருந்ததை மட்டும் இன்வெர்ட்டரில் ஓட்டிக்கொண்டிருந்தார். "இன்னொண்ணு போட்டா ரெண்டும் படுத்துரும்மா" என்றார். எனக்கு முன்னால் ஒரே ஒருவர்தான் காத்திருந்தார். என்னைவிடக் கொஞ்சம் மூத்த ஒரு முஸ்லிம் பெண். புர்காவின் ஓரம் மழையில் நனைந்து ஒட்டியிருந்தது. லைன் கிடைக்காமல் அறுந்து அறுந்து போனது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தேன். அவர் தானாகவே பேச ஆரம்பித்தார்.

"எங்க வூட்டுல அவங்க சபர்ல, வெளிநாட்டுல இருக்காங்க தங்கச்சி. வேல செய்யிற எடத்துல மெஷின்ல என்னமோ ஆயிடுச்சுன்னு கூட இருக்கறவங்க ஒருத்தவங்க போன்ல சொன்னாங்க. அவங்களையே கேட்டா, காய்ச்சல்தான், பயப்படாதங்குறாங்க. கொரலு நல்லாத்தான் இருக்கு. கொரல வச்சு என்னத்தக் கண்டுபுடிக்கிறது? ஒரு தடவ கண்ணால பாத்துட்டாப் போதும்."

'சீக்கிரம் பாருங்கள்' என்றுதான் என் மனசுக்குள் ஓடியது. வாயால் "ஒண்ணும் இருக்காதுக்கா" என்றேன்.

லைன் கிடைத்தது. உள்ளே போனார். சிரிப்புச் சத்தம் கேட்டது. என் நேரம் வருவதற்குச் சற்று முன்னதாகவே வெளியே வந்தார். முகம் கழுவிவிட்டது போல் இருந்தது.

"பாத்துட்டேன்மா. மொகம் தெளிவா இருக்கு. கொஞ்சம் எளச்சிருக்காங்க, அவ்ளோதான்."

மழை விடட்டும் என்று அவர் படியோரம் உட்கார்ந்துகொண்டார். அவருடைய கணவர் பேசிய பிரௌசிங் சென்டரில் அறைக்காரர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார்களாம். எல்லாரும் பேசி முடித்ததும் வேன் வந்து கூட்டிப்போய்விடுமாம். நான் உள்ளே பாய்ந்தேன்.

திரையில் வந்த பேராசிரியை வணக்கம் சொன்னார், சிரிக்கவில்லை. முதலில் கேமராவைச் சுற்றிக் காட்டச் சொன்னார். பிளைவுட், திரைச்சீலை, பிறைப் படம் போட்ட காலண்டர் எல்லாவற்றையும் காட்டினேன். பிறகு கைகளைக் காட்டச் சொன்னார். வேறொரு மாணவர் மேசைக்கு அடியில் தாளைப் புரட்டி மாட்டிக்கொண்டாராம். இனி எல்லாருக்கும் ஒரே விதி. இரண்டு கைகளும் தேர்வு முடியும்வரை மேசை மேல் இருக்க வேண்டும், இரண்டும் தனக்குத் தெரிய வேண்டும், அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்றார். நான் இரண்டு கைகளையும் தூக்கி, முன்னும் பின்னும் திருப்பிக் காட்டிவிட்டு மேசை மேல் வைத்தேன். திருடியைப் பிடித்து வைத்தது போல் இருந்தது. சுருக்கென்று கோபம் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

திரைச்சீலை முழுசாக மூடவில்லை. ஹெட்போனிலும் ஒரு பக்கம் வேலை செய்யவில்லை. அந்தக் காதில் வெளிப் பேச்சு விழுந்துகொண்டிருந்தது.

"அந்தப் பொண்ணு ஏண்ணே கையத் தூக்கிக் காட்டுது?"

"பரீட்சைம்மா. மொகத்த மட்டும் காட்டுனா நம்ப மாட்டாங்களாம். கைல எதாச்சும் இருக்கான்னு பாக்குறாங்க."

அதற்குப் பிறகு அந்தக் காதில் மழைச் சத்தம் மட்டும்.

முதல் இரண்டு கேள்விகளுக்கும் நன்றாகவே பதில் சொன்னேன். மூன்றாவதைக் கேட்கும்போது திரைச்சீலை விலகியது.

"தங்கச்சி."

நான் திரும்பாமல் தலையை மட்டும் ஆட்டினேன்.

"தங்கச்சி, அவங்க கையக் காட்டலம்மா. மொகத்த மட்டுந்தான் காட்டுனாங்க."

பேராசிரியை நிறுத்தினார். அது யார் என்று கேட்டார். உடனே வெளியேறாவிட்டால் தேர்வை இத்துடன் முடிக்க வேண்டிவரும் என்றார். காத்திருக்கிறவர், போய்விடுவார் என்று என் ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். கைகளை மேசையிலிருந்து எடுக்காமலே அந்த அக்காவிடம் சீறினேன்.

"அக்கா, வெளிய போங்க. என் பரீட்சை போயிரும்."

"வேன் வந்துரும்மா. ரூமுக்குப் போயிட்டாங்கன்னா அடுத்த வெள்ளிதான்."

"அடுத்த வெள்ளி பாத்துக்கங்க."

அவர் வெளியே போனார். ஆனால் போய்விடவில்லை. திரைச்சீலைக்குக் கீழே அவருடைய செருப்பும் நனைந்த புர்கா ஓரமும் தெரிந்தன. எனக்கு அவர் மேல் அப்படி ஒரு ஆத்திரம். ஊரில் இவ்வளவு பேர் இருக்க, இவரை இன்றைக்கு என் தலையில்தான் கட்ட வேண்டுமா என்று இருந்தது.

பேராசிரியை விட்ட கேள்வியை மறுபடி கேட்டார். முறைவைத்துத் தண்ணீர் விடும்போது, தன் முறை முடிந்தும் மேல்பக்கத்து விவசாயி வாய்க்கால் ஷட்டரை மூடாவிட்டால், கடைமடை விவசாயி என்ன செய்வார்? இதற்குப் பதில் எங்கள் கட்டுரையிலேயே இருந்தது. பாசன சங்கம், பொதுப்பணித்துறை, கலெக்டரின் குறைதீர்க்கும் நாள் என்று வரிசையாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வாய் திறந்தபோது அது வரவில்லை.

"நேரில் போய் நிற்பார்" என்றேன்.

"நின்று?"

"ஒன்றும் செய்யமாட்டார். ஷட்டர் பக்கத்தில் நிற்பார். அவர்கள் மூடும்வரைக்கும் நிற்பார்."

"அதற்கு ஏதாவது பலன் உண்டா?"

"அவர் அங்கே நிற்பதைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம்தான் தண்ணீர் பாய்ச்ச முடியும்? என் அப்பா அப்படித்தான் நிற்பார்."

பேராசிரியை முதல் தடவையாகக் குனிந்து எதையோ எழுதிக்கொண்டார். நல்ல பதில் என்று எனக்கே தெரிந்தது. அந்த நேரத்தில் என் கண் திரைச்சீலைக்குக் கீழே போனது. செருப்பு அதே இடத்தில் இருந்தது.

எழுந்திருக்க வேண்டும் என்று பேராசிரியையிடம் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். கணவன், விபத்து, கை, வேன் என்று வார்த்தை வார்த்தையாக. அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. கேமராவை விட்டு எழுந்தால் தேர்வு முழுமையடையவில்லை என்றுதான் பதிவு செய்ய முடியும், நன்றாக யோசியுங்கள் என்றார். குரலில் கடுமை இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினேன். வயிற்றெரிச்சலில் அழுகைகூட வரவில்லை.

அந்தத் தாள் கடைசிவரை முழுமையடையவே இல்லை. எங்கள் ஆசிரியர் எழுதிக் கேட்டுப் பார்த்தார். ஒருவருக்காக விதியை மாற்ற முடியாது என்று பணிவாகப் பதில் வந்தது. நான் அந்த நாட்டுக்குப் போகவில்லை. போயிருந்தால் என்ன ஆகியிருப்பேன் என்று இப்போதும் சில நாள் நினைத்துக்கொள்வேன், வலிக்கத்தான் செய்கிறது.

"வாங்க, உக்காருங்க" என்றேன் அந்த அக்காவிடம், கோபம் குறையாமலே.

கடைக்காரர் ஓடிவந்து அவருடைய சாட் கணக்கைத் திறந்துவிட்டார். வேன் வந்திருக்கவில்லை. திரையில் தொப்பி போட்ட ஒரு மெலிந்த முகம் வந்து சிரித்தது. அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டார். அவர் பேசியதுதான் எனக்குக் கேட்டது. அந்தப் பக்கம் உதடு அசைவது மட்டும் தெரிந்தது.

"ஒண்ணுமில்ல. கையக் காட்டுங்க."

உதடு அசைந்தது. பிறகு ஒரு கை மேலே வந்தது. விரல்களை விரித்து ஆட்டியது.

"அது வாட்ச் கட்டுன கை. மத்தது."

படம் அப்படியே நின்றுவிட்டது. லைன் போய்விட்டதென்று நினைத்து நான் மௌஸைப் பிடித்தேன். அப்போது திரையில் அவருக்குப் பின்னால் யாரோ ஒருவர் நடந்து போனார். லைன் இருந்தது. அவர்தான் அசையாமல் இருந்தார்.

"நான் ஏந்திரிக்க மாட்டேன். காட்டுங்க" என்றார் அக்கா.

மெதுவாக அந்தக் கை மேசைக்கு அடியிலிருந்து வந்தது. மணிக்கட்டு வரைக்கும் வெள்ளைக் கட்டு. கட்டுக்கு மேலே கட்டைவிரல் தனியாக நின்றது. மற்ற விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் துணி தட்டையாக மடிந்திருந்தது.

நான் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவர் அழவில்லை. திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோனார்.

"சோறு எப்படித் திங்கிறீங்க?"

உதடு அசைந்தது.

"ஸ்பூனா?" என்றார். "மீனுக்கு முள்ளு யாரு எடுத்துத் தர்றா?"

திரையில் இருந்தவர் சிரிக்கப் பார்த்தார். கை இறங்க ஆரம்பித்தது.

"எறக்காதீங்க" என்றார் அக்கா. "அப்படியே வச்சிருங்க. நான் இன்னும் பாத்து முடிக்கல."