ஒன்பது சுற்று

போன வருடம் கோடை விடுமுறையில், மதுரை செல்லூரில் எங்கள் வீட்டில் நடந்தது இது. சனிக்கிழமை காலை ஆரம்பித்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில் அது முடிய இன்னும் ஒன்பது மாதம் ஆயிற்று.

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஒரு நூற்பாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். நூலை ராட்டையில் எண்பது சுற்று சுற்றினால் நூற்றிருபது கஜம். அதை அறுத்து எடை போட்டு, எத்தனாம் நம்பர் நூல் என்று சொல்ல வேண்டும். அங்கே பிடித்த வியாதி, ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. எங்கள் வீட்டு மாடிப்படி பத்தொன்பது. வாசலிலிருந்து தெருமுனை டீக்கடைக்கு இருநூற்றுப் பதினான்கு காலடி. மாடித் தொட்டியின் வால்வை முழுதாக மூட ஏழு சுற்று. இதையெல்லாம் யாரும் என்னிடம் கேட்பதில்லை. கேட்காமலேயே சொல்லிவிடுவேன்.

அந்தச் சனிக்கிழமை காலை பெங்களூரிலிருந்து மகனும் மருமகளும் இரண்டரை வயதுப் பேத்தியும் வந்திறங்கினார்கள். குளிக்கப் போன மகன், துண்டோடு போன வேகத்திலேயே திரும்பி வந்தான்.

"அப்பா, பாத்ரூம் குழாய் எத்தனை நாளா ஒழுகுது?"

"பதினோரு நாள். நிமிஷத்துக்கு ஆறு சொட்டு."

"எண்ணுறதுக்கு ஆள் இருக்கு. சரி பண்ணத்தான் ஆள் இல்ல."

என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பிள்ளையின் செருப்பைக் கழற்றுவதுபோல் குனிந்துகொண்டாள். எனக்குச் சுருக்கென்றது.

ஒழுகியது குழாயின் வாய் வழியாக அல்ல. சுவரில் பதித்த பைப்புக்குள் குழாய் திருகி ஏறுகிற இடத்தில். அடியில் வாளி வைத்து, நிரம்பும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். வீணாக்கவில்லை. ஆனால் மகனுக்கு அது கணக்கில் வரவில்லை. உடனே பிளம்பருக்கு போன் போட்டு, எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தான்.

"அண்ணே, கீழக்குயில்குடியில மச்சினன் பிள்ளைக்குக் காதுகுத்து. கெடா வெட்டியாச்சு, இலை போடப் போறோம். திங்கக்கெழம காலைல வாரேன். ஆறு சொட்டுக்கு வீடு முங்கிறாதுண்ணே."

போனை வைத்ததும் மகன் பழைய பேச்சை எடுத்தான். வீட்டைப் பூட்டிவிட்டு நாங்கள் இருவரும் அவனோடு வந்துவிட வேண்டும். அவன் இப்படிக் கேட்டது அது ஆறாவது தடவை. அம்மாவுக்கு முழங்கால் வலி, எனக்கு இரத்த அழுத்தம், ஒரு குழாய்க்குக்கூட ஆள் கிடைக்கவில்லை, ராத்திரி ஏதாவது ஒன்றென்றால் யார் இருக்கிறார்கள் என்று அடுக்கினான். கடைசியாக இன்னொன்றும் சொன்னான். மருமகளைப் பழைய கம்பெனியில் ஜூன் மாதம் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்களாம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவள் போவாளாம். மற்ற காரணங்களை நான் விரல்விட்டு எண்ணினேன். இதை மட்டும் காதில் வாங்கினேன், எண்ணவில்லை.

எனக்குக் கோபம். ஒரு குழாயை வைத்து என்னை வீட்டைவிட்டுக் கிளப்புவதா?

"நாளைக்கு நீங்க கார் ஏறுறதுக்குள்ள இதை நானே சரி பண்றேன். அதுக்கப்புறம் ஒரு சொட்டு விழுந்தாலும் பெட்டியைக் கட்டிக்கிட்டு உங்கூட வந்துர்றேன். விழலேன்னா இந்தப் பேச்சையே இனிமே எடுக்கக் கூடாது."

"நெசமாவா? அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"மாறுனா ஏன்னு கேளு."

"அத்தை, நீங்கதான் சாட்சி" என்றாள் மருமகள். "என்னை எதுக்குடி இழுக்குற" என்று சொல்லிவிட்டு என் மனைவி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

தெருமுனைக் கடையில் வெள்ளை டேப் கேட்டேன். குழாயின் திருகு மரையில் சுற்றுவார்களே, அந்த மெல்லிய டேப். ஒரு ரோல் போதும் என்று கடைக்காரர் சொன்னார். இரண்டு வாங்கினேன். பத்தொன்பது படி ஏறி, ஏழு சுற்று சுற்றி வால்வை மூடி, இறங்கி வந்து குழாயைக் கழற்றினேன். பழைய டேப்பை ஊசியால் சுரண்டி எடுத்து, மரையைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, புது டேப்பைப் பத்துச் சுற்று சுற்றினேன். கத்தரியால் நேராக வெட்டினேன். பார்க்க அழகாக இருந்தது. குழாயைத் திருகி ஏற்றிவிட்டு, மறுபடி மாடிக்குப் போய் வால்வைத் திறந்தேன்.

நிமிடத்துக்குப் பதினான்கு சொட்டு.

ஆறு பதினான்கானது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. சுற்று போதவில்லை என்று முடிவு செய்தேன். மத்தியானம் இரண்டாம் முறை. இப்போது பதின்மூன்று சுற்று. வால்வைத் திறந்ததும் இருபத்திரண்டு சொட்டு. குழாய் சுவரோடு சேரும் இடத்தில் வெள்ளையாகப் பஞ்சுபோல் ஏதோ பிதுங்கியிருந்தது. மிச்ச டேப் என்று நினைத்துக் கத்தரியால் நறுக்கிவிட்டேன்.

மருமகள் பிள்ளைக்குக் கால் கழுவ வந்தவள் அதைப் பார்த்தாள். அவள் கொட்டாம்பட்டிப் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பெண். கல்யாணம் ஆகும்வரை தோட்டத்துக் கிணற்று மோட்டாரை அவள்தான் கவனித்துக்கொள்வாள் என்று அவளுடைய அப்பா பெருமையாகச் சொல்வதுண்டு.

"மாமா, டேப்பு உரிஞ்சு வெளிய வருது பாருங்க. நான் ஒரு தடவை சுத்திப் பாக்கவா?"

"முப்பத்தொரு வருஷம் நூல் சுத்துன கைம்மா இது."

"சரிங்க மாமா" என்று போய்விட்டாள். அதில் கிண்டல் இருந்ததா என்று அன்று ராத்திரி யோசித்தேன். இருந்ததாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மூன்றாவது முறை. பதினாறு சுற்று. டேப் அவ்வளவு தடித்துப்போனதால் மரை ஏறவே மாட்டேன் என்றது. பைப் ரெஞ்சைப் போட்டுத் திருகினேன். இன்னும் அரைச் சுற்று திருகலாம் என்று கை சொன்னது. சுவருக்குள் இருக்கும் பைப்பு வெடித்தால் டைல்ஸை உடைக்க வேண்டியிருக்கும் என்று புத்தி சொன்னது. நிறுத்திக்கொண்டேன். வால்வைத் திறக்க மாடிக்கு ஏறும்போது பன்னிரண்டாவது படியில் மூச்சு வாங்கியது. உட்கார்ந்துவிட்டேன். இரண்டு நாளில் மூன்றாவது ரிப்பேர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு தடவை மாடி. அந்தப் படிகளைக் கூட்டிப் பார்க்கவும் அப்போது தெம்பில்லை. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து எழுந்து போய்த் திறந்தேன்.

பதினோரு சொட்டு. பந்தயத்துக்கு ஒன்றே போதும்.

மத்தியானம் ஆட்டுக்கறிக் குழம்பு. எனக்கு இறங்கவில்லை. மகன் குழாயை எட்டிப் பார்த்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தான். நாலு மணிக்குக் கார் கிளம்ப வேண்டும். எந்தப் பெட்டியில் எதை வைப்பது என்று யோசித்துக்கொண்டே ஒன்று பத்துக்குப் படுத்தேன். கண் அசந்துவிட்டது. எழுந்தபோது ஒன்று ஐம்பது. மகனும் பேத்தியும் முன்னறையில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அடுக்களையில் பாத்திரச் சத்தம். அடுத்த சந்தில் ஞாயிறு என்பதால் தறிச் சத்தம் இல்லை. நேராக பாத்ரூமுக்குப் போய்க் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு நின்றேன்.

ஒரு நிமிடம், ஒன்றும் விழவில்லை. ஐந்து நிமிடம் நின்றேன். ஒன்றும் விழவில்லை. அடியில் விரலை வைத்துத் தடவினேன், காய்ந்திருந்தது. மகனை எழுப்பிக் கூட்டிவந்து காட்டினேன். அவனும் தடவிப் பார்த்தான். குழாயைத் திறந்து மூடினான்.

"எப்படிப்பா?"

"டேப்பு தண்ணில ஊறி இறுகணும். அதுக்கு ஒரு நேரம் கொடுக்கணும். உங்களுக்கெல்லாம் பொறுமை கிடையாது."

அங்கேயே நின்று நூல் ஈரத்தில் எப்படி உப்பும் என்பதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். மருமகள் கதவோரம் நின்று கேட்டாள். "ஆமா மாமா" என்று இரண்டு தடவை சொன்னாள். அவள் சுடிதாரின் வலது கை முழங்கைவரை நனைந்திருந்தது. பாத்திரம் கழுவியிருப்பாள் என்று நினைத்தேன்.

நாலு மணிக்கு மூன்று பேரும் கிளம்பினார்கள். மகன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நாங்கள் எங்கள் வீட்டிலேயே இருந்தோம்.

தை பிறந்து சில நாளில் அதே குழாயின் பிடி வழுக்கிப்போய்ச் சும்மா சுற்ற ஆரம்பித்தது. புதுக் குழாய் வாங்கி வந்து பழையதைக் கழற்றினேன். பழைய டேப்பைப் பிரிக்க ஆரம்பித்தேன். என் கை பழக்கத்தில் பிரித்த திசையில் அது வரவில்லை. மேலும் இறுகியது. எதிர்த்திசையில் பிரித்தால் வந்தது. அப்போதுதான் முற்றத்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், நூல் இழை பார்க்கும் பூதக்கண்ணாடியை எடுத்து, ஊசி முனையால் ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து எண்ணினேன்.

ஒன்பது.

நான் சுற்றியது பதினாறு. மறதிக்கு இடமில்லை. முனையையும் பார்த்தேன். நான் கத்தரியால் வெட்டியிருந்தேன். இது பல்லால் கடித்து இழுத்ததுபோல் பிசிறாக இருந்தது. இன்னொன்றும் விளங்கியது. குழாயைத் திருகி ஏற்றும் திசையிலேயே டேப்பையும் சுற்ற வேண்டும். அப்போதுதான் திருகத் திருக இறுகும். ராட்டை சுற்றிப் பழகிய என் கை மூன்று தடவையும் அதற்கு எதிராகவே சுற்றியிருந்தது. திருகத் திருக அது உரிந்து பஞ்சாக வெளியே வந்திருக்கிறது. அதைத்தான் அவள் காட்டியிருக்கிறாள்.

மனைவியைக் கூப்பிட்டேன். என் கையிலிருந்த டேப்பைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"யார் பண்ணுனது?"

"உங்க மருமகதான். அடுக்களையில நின்னுக்கிட்டு, பத்து நிமிசம் போதும்த்தைன்னா. நான் மேல போயி வால்வை மூடுனேன்."

"உனக்கு முட்டி வலியாச்சே. எத்தனை சுத்துன்னு எப்படித் தெரியும்?"

"ஏழு ஏழுன்னு கல்யாணமான நாள்லேர்ந்து ஓதிக்கிட்டு இருக்கீக. தெரியாம இருக்குமா?"

தொட்டி கட்டியது கல்யாணத்துக்குப் பதினெட்டு வருடம் கழித்து. அதை அப்போது சொல்லவில்லை. அவளே மேலே பேசினாள். குழாய் ஒழுகியிருந்தால் நாங்கள் பெங்களூருக்குப் போயிருப்போம். மருமகள் ஜூனில் வேலைக்குப் போயிருப்பாள். ஆள் இல்லாததால் அவள் போகவில்லை. அந்த இடத்துக்கு வேறு ஒருவரை எடுத்துக்கொண்டார்கள். அந்த வேலை கைவிட்டுப்போனது மகனுக்கு மட்டுமல்ல, என் மனைவிக்கும் தெரிந்திருந்தது. வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியாது.

"அப்புறம் எதுக்கு அதைச் சரி பண்ணுனா?"

"நீங்க மாடிப்படியில உக்காந்துட்டீகள்ல, அதைப் பாத்துட்டா. மாமா தோத்துப்போயி நம்ம வீட்டுக்கு வர வேணாம்த்தை, மனசு வந்து வரட்டும்னா. உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டா. நானும் எம்புட்டு நாளுதான் வாயைப் பொத்திக்கிட்டு இருக்குறது?"

புதுக் குழாயை மாட்டினேன், சரியான திசையில். அன்று சாயங்காலம் மருமகளுக்கு போன் செய்தேன். நலம் விசாரித்துவிட்டு, என்ன கேட்பது என்று தெரியாமல், எனக்குக் கேட்கத் தெரிந்ததையே கேட்டேன்.

"ஒன்பது சுத்து போதும்னு உனக்கு யாரும்மா சொன்னது?"

"அத்தை உளறிட்டாங்களா?"

"டேப்பு சொல்லுச்சு."

சிரித்துவிட்டாள். "எங்க தோட்டத்து மோட்டாருக்கே ஏழு சுத்துதான் மாமா. உங்களுக்காக ரெண்டு கூடப் போட்டேன்."

நன்றி என்று சொல்ல வரவில்லை. எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை யாரும் யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லை. அடுத்து எங்கே வேலைக்குக் கூப்பிட்டாலும் முதலில் எனக்குச் சொல், நாங்கள் வந்துவிடுகிறோம் என்றேன். பந்தயம் என்ன ஆயிற்று என்று கேட்டாள். அதில் நான் தோற்று ஒன்பது மாதம் ஆகிறது என்றேன்.

இதைப் பெங்களூரிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் இங்கே வந்து நாற்பத்தாறு நாளாகிறது. செல்லூர் வீட்டுச் சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது. மாதத்தில் ஒரு வாரம் போய்த் திறந்துவிட்டு வருகிறோம். மருமகள் காலை எட்டு இருபதுக்குப் புது வேலைக்குக் கிளம்பிப் போகிறாள். பேத்தி ஜன்னலில் நின்று கை ஆட்டுகிறாள். இந்த ஊர்க் குளிர் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, பாலும் தண்ணீராக இருக்கிறது. அதையெல்லாம் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன்.

அந்த டேப்பை மட்டும் மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறேன். சொட்டுகளையும் படிகளையும் சுற்றுகளையும் அந்த இரண்டு நாளில் ஒன்றுவிடாமல் எண்ணிய நான், அந்த வீட்டில் யாருக்கு என்ன தேவை என்பதை மட்டும் எண்ணாமல் விட்டேன். இப்போதெல்லாம் எதை எண்ணி முடித்தாலும், விட்டுப்போனது யார் என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.