காலனிக்கு ஒரே பிரஷர்

சுகாதார ஆய்வாளர் டில்லிபாபு, வெள்ளைச் சட்டை கசங்காமல் வேலை பார்ப்பதில் கெட்டிக்காரர். 1991-இல், நாற்பது வயது தாண்டிய எல்லோருக்கும் ரத்த அழுத்தம் பார்க்கும்படி அவருக்கு உத்தரவு வந்தது. பென்னலூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஊர்த்தெருவில் வீடு வீடாக நுழைந்து, மோர் வாங்கிக் குடித்து, கையில் பட்டை கட்டிப் பார்த்தார். காலனிக்கு வந்ததும் சைக்கிளை விட்டே இறங்கவில்லை அந்த மகானுபாவர். தெருமுனையில் காலூன்றி, வாக்காளர் பட்டியலைப் பார்த்துப் பெயர்களை எழுதி, ஒவ்வொருவருக்கும் 120/80 என்று போட்டுக்கொண்டே போனார். யாருக்கும் ஒரு குறையும் இல்லையாம்!

நோட்டை எட்டிப் பார்த்த காலனிப் பெண் கங்கா கேட்டாள்: "எங்க மாமியார் செத்து ஆறு மாசம் ஆவுது சார். அவங்களுக்கும் பிரஷர் சரியாத்தான் கீதா?"

டில்லிபாபு மாமியார் பெயரை அடித்தார். "உனக்கு இன்னா வயசு?"

"நாப்பத்திரண்டு. காலைலேர்ந்து தலை சுத்திகினே கீது சார்."

நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அவள் பெயருக்கு நேரே எழுதினார்: 120/80.